மத்தவிலாசத்தில் எள்ளப்படுவோர் யார்?

1

பல்லவ வேந்தனாகிய முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழ கி.பி. 600–630) வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் ஓரங்கத்தில் அமைந்த சிறு நகைநாடகம். 1917-ஆம் ஆண்டில் கணபதி சாத்திரியார் அதனைத் திருவனந்தபுர வடமொழி நூல்வரிசையில் பதிப்பித்தார். 1930-இல் பார்னெட் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மயிலை சீனி. வேங்கடசாமி அதனைத் தமிழாக்கித் தந்தார். ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியின் சமய வாழ்வை எழுதப் புகுவோர் இந்நாடகத்தைச் சான்று காட்டாமல் விடுவது அரிது. காபாலிகர் கள்ளுண்டு திரிந்தனர் என்பதற்கு இது சான்று. பௌத்தத் துறவியர் ஒழுக்கந் தளர்ந்தனர் என்பதற்கும் இது சான்று. வேந்தன் இதனை எழுதிய காலத்தில் சமணனாக இருந்தான் என்பதற்கும் இதுவே சான்று. மூன்று பெரு முடிபுகளை ஒரு சிறு நூலின்மேல் ஏற்றி வைத்துள்ளோம்.

நகைநாடகம் கல்வெட்டன்று. அது தீட்டுவது கேலிச்சித்திரம். அதனைச் சான்றாகக் கொள்ளுமுன், அச் சித்திரத்தில் எழுதப்பெற்றவர் உண்மையில் யார் என்பது துணியப்பட வேண்டும். அவ்வாறு துணிவதற்குரிய நெறி யாது, அந்நெறி நின்று நோக்கின் மத்தவிலாசத்தில் எள்ளப்படுவோர் யாவர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை சுருக்கமானது. சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு காஞ்சி நகரில் கள்ளுண்டு களித்துத் திரிகின்றான். பிச்சை ஏற்கும் தன் கபாலத்தைக் காணவில்லை என்பதைத் திடீரென உணர்கின்றான். அதனுள் சுட்ட இறைச்சி இருந்தமையால், ஒரு நாயோ ஒரு பௌத்தத் துறவியோ கொண்டு போயிருத்தல் வேண்டும் என்று கருதுகின்றான். அவ்வழியே நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி, வணிகன் தனதாசன் இல்லத்தில் ஏற்ற மீனும் இறைச்சியும் கலந்த உணவுடன் வருகின்றான். அவன் ஆடைக்குள் எதையோ மறைத்துச் செல்வதைக் கண்ட காபாலிகன் அவனைக் கள்வன் என்று பற்றிக்கொள்கின்றான். வழக்கு முற்றுகின்றது. பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகின்றான். தீர்க்க இயலாமல் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு கூறுகின்றான். இறுதியில் பித்தன் ஒருவன் கபாலத்துடன் தோன்றுகின்றான். அதனைக் கவ்வியது நாய்; நாயிடமிருந்து பறித்தவன் பித்தன். கபாலம் உரியவனை அடைகின்றது. காபாலிகனும் துறவியும் பகை நீங்கிப் பிரிகின்றனர்.

2

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இருவகையாகப் பகுப்பர். முன்னது வெளிப்பட வைவது. பின்னது வசையை உள்ளடக்கி மொழிவது. முன்னதில் பெயர் சுட்டப்பெற்றவனே எள்ளப்படுபவன். பின்னதில் பெயரும் பொருளும் வேறாதல் கூடும். ஆதலின் ஒரு நகைச்சித்திரம் இவ்விரண்டனுள் எதன்பாற் படும் என்று அறியாமல் அதன் பொருளைத் துணிதல் ஒல்லாது.

சித்திரத்தில் உள்ளாரை அறிவதற்கு நான்கு கருவிகள் உள்ளன: பெயர், கோலம், கொள்கை, கதைமுடிவு. பெயரும் கோலமும் புலவன் தன் விருப்பின்படி அணிவிப்பவை. ஒருவன்மேல் வைத்த பெயரைப் பிறிதொருவன் செயலுக்கு உறை ஆக்குதல் எளிது. கொள்கை அவ்வளவு எளிதாக மாற்றத்தக்கது அன்று. எனினும் பல கொள்கைகளை ஒருவன் வாயில் வைத்துக் கலத்தல் உண்டு. கதைமுடிவோ புலவனின் தீர்ப்பு. யாரைக் குற்றவாளி என்று காட்டி நூலை முடிக்கின்றான், யாரை விடுவிக்கின்றான் என்பதில் அவன் கருத்து வெளிப்படும். எனவே பெயரினும் கோலமும், கோலத்தினும் கொள்கையும், கொள்கையினும் முடிவும் வலிய சான்றாம்.

இந் நெறியின் இன்றியமையாமையைக் கிரேக்க நாடகம் ஒன்று நன்கு உணர்த்தும். கி.மு. 423-இல் ஏதென்சு நகரில் அரிசுடோபனீசு 'மேகங்கள்' என்னும் நகைநாடகத்தை அரங்கேற்றினார். அதில் சாக்ரடீசு கூடைக்குள் அமர்ந்து வானத்தை ஆராய்கின்றார். தோற்கும் வாதத்தை வெல்லும் வாதமாக்கும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்துகின்றார். பெயர் சாக்ரடீசு உடையது. வாத வித்தையோ புரோதகோரசு முதலாய சொல்வணிகர்க்குரியது. காற்றைப் பற்றிய கோட்பாடு தயோசெனீசு என்னும் இயற்கை ஆய்வாளருடையது. பலருடைய உறுப்புகளைக் கூட்டி ஒருவர் பெயரைச் சூட்டினார் புலவர். கி.மு. 399-இல் சாக்ரடீசு வழக்கு மன்றத்தில் நின்றபோது, தம்மைப்பற்றிய பழைய தப்பெண்ணத்தின் வேர்களுள் ஒன்றாக இந்நாடகத்தைக் குறிப்பிட்டதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். நகைச்சித்திரத்தின் பொருளைப் பிழைபட உணர்வதால் விளையும் கேடு சிறிதன்று.

எனினும் சாக்ரடீசுக்கு ஒரு பேறு வாய்த்தது. அவர்தம் மாணாக்கர் எழுதிய நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றோடு ஒப்பிட்டு, அரிசுடோபனீசின் சித்திரத்தில் சாக்ரடீசு எவ்வளவு, பிறர் எவ்வளவு என்று நாம் பகுத்துக் காண இயலும். மத்தவிலாசத்தின் காபாலிகனுக்கு அத்தகைய பேறு இல்லை.

3

முதற்கண் காபாலிகனை நோக்குவோம். டேவிட் லாரன்சன் 1972-இல் வெளியிட்ட தம் நூலில் காபாலிகரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்தார். காபாலிகர் தாமே இயற்றிய சமய நூல் ஒன்றும் இன்று நம் கையில் இல்லை. நாம் அறிந்தவை யாவும் பிறர் எழுதியவை. பவபூதியின் மாலதீமாதவத்தில் காபாலிகன் பெண்ணைப் பலியிட முயலும் கொடியவன்; கிருட்டிணமிசிரரின் பிரபோதசந்திரோதயத்தில் கள்ளும் காமமும் காட்டிப் பிற சமயத்தாரை ஈர்ப்பவன்; யாமுனாசாரியரின் ஆகமப்பிராமாண்யத்தில் மறுக்கப்படும் புறச்சமயி. எழுதினோர் அனைவரும் காபாலிகர்க்கு அயலார். அவருட் பலர் பகைவர். இந்த வரிசையில் காலத்தால் முற்பட்டு நிற்பது மத்தவிலாசம்.

இனி, நகைச்சித்திரம் அல்லாத சான்றுகளைக் காண்போம். அவை சில, ஆயினும் முற்றிலும் வேறான குரலில் பேசுகின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த சளுக்கிய இளவரசன் நாகவர்த்தனனின் செப்பேடு ஒன்று இன்றைய மகாராட்டிரத்து இகத்புரிப் பகுதியில் கிடைத்தது. அது கபாலேசுவரர் வழிபாட்டுக்கும் அக்கோயிலில் உறைந்த மாவிரதியர்க்கும் ஊர் அளித்ததைக் கூறுகின்றது. மாவிரதியர் என்பது காபாலிகர்க்கு வழங்கிய பெயர். ஒரோவழிக் காளாமுகரையும் குறிக்கும். வேந்தர் குடியின் கொடை பெற்றுக் கோயிலில் வாழ்ந்த அத் துறவியர், தெருவில் தள்ளாடும் சத்தியசோமனோடு ஒத்து வாரார். மகேந்திரவர்மன் காலத்தவராகிய அப்பர், திருவாரூர்த் திருவாதிரைத் திருநாளைப் பாடுமிடத்து அடியார் கூட்டத்துள் மாவிரதியரையும் வைத்து எண்ணுகின்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் மானக்கஞ்சாற நாயனார் புராணத்தில், மணப்பெண்ணின் கூந்தலை வேண்டி வந்த மாவிரதியைச் சிவபெருமானாகவே காட்டுகின்றார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையும் சுடுகாட்டில் நோன்பியற்றித் தலையோடு தொகுக்கும் விரதியரைக் குறிக்கின்றது. ஆண்டும் எள்ளல் இல்லை.

இவற்றால் காபாலிகர் கள்ளுண்ணவில்லை என்று நிறுவுதல் இயலாது. அஃது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. கபாலம், நீறு, மாவிரதம் என்னும் கோலமும் பெயரும் காபாலிகர்க்கு உரியன என்பதை நாடகத்துக்குப் புறத்தேயுள்ள சான்றுகள் உறுதிப்படுத்துகின்றன. சத்தியசோமனின் இயல்புகளாகிய களிமயக்கம், சினம், வாதாடும் வேட்கை ஆகியவற்றை அவை உறுதிப்படுத்தவில்லை என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

நாடகத்தின் உள்ளேயே ஒரு சான்றும் உண்டு. நூலின் நாந்திப் பாடல் தெய்வக் காபாலியை வாழ்த்தித் தொடங்குகின்றது. மொழி, வேடம், உடல், செயல் ஆகியவற்றின் வேறுபாடுகளை மேற்கொண்டு மூவுலகத்து வாழ்வையே கூத்தாக ஆடுபவனும், அக்கூத்தைக் காண்பவனும் தானேயாகிய கபாலி, அவையோர்க்குப் புகழை அருள்க என்பது அதன் கருத்து. காபாலிகரை இழித்தலே கருத்தாயின், காபாலிகனின் தெய்வத்தை, அதுவும் கபாலம் ஏந்திய கோலத்திலேயே, முதற்கண் வைத்து வணங்குதல் பொருந்தாது. கேரளத்துக் கோயில்களில் சாக்கியர் இந்நாடகத்தை நேர்ச்சையாகவும் நடித்து வந்துள்ளனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அம்மரபினர் சத்தியசோமனை வெறும் இழிமகனாகக் கண்டிருப்பின், தெய்வத்தின் முன்னிலையில் அவனை ஆடவிட்டிரார்.

4

அடுத்து நாகசேனன். நாடகத்தின் அம்புகள் மிகுதியாகத் தைப்பது இவனையே. வணிகன் இட்ட உணவைச் சுவைத்து மகிழ்கின்றான். உணவும் உறையுளும் வகுத்துத் தந்த புத்தர், கள்ளையும் மகளிரையும் ஏன் விலக்கினார் என்று ஏங்குகின்றான். முதிய துறவியர் இளையோர்மேற் கொண்ட பொறாமையால் மூலநூலிலிருந்து அவ்விதிகளை நீக்கியிருப்பர் என்று ஐயுறுகின்றான். தேவசோமை கள்ளை நீட்டும்போது அவன் அஞ்சுவது உலகத்தார் காண்பர் என்பதற்கே. இவற்றைக் கொண்டு, சித்திரத்திற்கு உரியவர் பௌத்தரே என்று முடிப்பார் பலர்.

இம் முடிபை நான்கு கருவிகளாலும் ஆராய்தல் வேண்டும். பெயரை நோக்கின், நாகசேனன் என்பது மிலிந்த மன்னனின் வினாக்களுக்கு விடையிறுத்த புகழ்மிக்க துறவியின் பெயர். காஞ்சியில் வாழ்ந்த ஒருவனைச் சுட்டும் பெயராக அதனைக் கொள்ள வேண்டுவதில்லை. வாதத்திற் சிறந்தவன் என்னும் நினைவை எழுப்பவே அது வைக்கப்பெற்றது எனல் பொருந்தும். வாதத்தால் வேந்தனை வென்றவனின் பெயர் பூண்டவன் ஈண்டுக் கள் மயங்கிய ஒருவனுக்கு விடையிறுக்க இயலாமல் திகைக்கின்றான்.

செயலை நோக்கின், மீனும் இறைச்சியும் ஏற்றது பௌத்த விநயத்தின்படி குற்றம் அன்று. தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாததும் கேளாததும் ஐயுறாததுமாகிய ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பது பழைய விதி. மகாயானத்து இலங்காவதார சூத்திரம் ஊனை விலக்குகின்றது. தமிழகத்துப் பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலும், நாகர்க்கு அறங்கூறும் சாதுவன், முதிர்ந்து தாமே இறந்த விலங்குகளை விலக்காமல் விடுகின்றான். ஆகவே ஊனுணவைக் கொண்டு நாகசேனனைப் பொய்த்துறவி என்பார், அவன் நூலைக் கொண்டு அளக்காமல் தம் வழக்கத்தைக் கொண்டு அளப்பவர் ஆவர். அவன் உள்ளத்தில் வேட்கை உண்டு. நாடகத்தில் அவன் செய்த குற்றமோ ஒன்றும் இல்லை.

கொள்கையை நோக்கின், கண்கூடாக விளங்கும் நிலத்தையும் கடலையும் மலையையும் இல்லை என்று மறைக்க வல்லவர்க்குச் சிறு கபாலத்தை மறைத்தல் அரிதோ என்பது காபாலிகனின் வாதம். இது சூனியவாதிகளையும் விஞ்ஞானவாதிகளையும் மறுப்போர் கூறுவது. கி.பி. 640 அளவில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அந்நாட்டில் 100-க்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் 10,000 துறவியரும் இருந்தனர் என்றும், அவர்கள் தேரவாத நெறியினர் என்றும் எழுதினார். விஞ்ஞானவாத ஆசிரியர் தருமபாலர் காஞ்சியில் தோன்றியவர் என்பதும் அவர் குறிப்பே. இருநெறியும் அந்நகருக்கு அறிமுகமானவை. நாகசேனன் ஓதும் சிக்காபதங்கள் எல்லாப் பௌத்தர்க்கும் பொது. ஊனுணவு தேரவாதத்தோடு இயையும். அவன்மேற் சார்த்தும் கொள்கையோ மகாயானத்தது. சாக்ரடீசைப் போலவே இவனும் பலரால் ஆகிய ஒருவன்.

முடிவை நோக்கின், ஐயம் முற்றும் நீங்குகின்றது. நாகசேனன் திருடவில்லை. நூல் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவிக்கின்றது. பழி சுமத்திய காபாலிகன் அவனிடம் பொறுத்தருள வேண்டுகின்றான். ஒரு கூட்டத்தாரைக் கள்வர் என்று இழிக்க விரும்பும் புலவன், அவர்களின் பேராளன் களவு செய்யவில்லை என்று நிறுவித் தன் நாடகத்தை முடிப்பானோ?

5

சமணரைப் பற்றிய முடிபைச் சுருங்க நோக்கலாம். நாடகத்தில் சமணர் வருவதில்லை. அவர்தம் காரிய காரண வாதத்தைக் காபாலிகன் சிறிது பழித்து, அப்பெயரைச் சொன்னதற்காகக் கள்ளால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்கின்றான். இக் குறைவான இடத்தைக் கொண்டு வேந்தன் அக்காலத்தில் சமணன் என்று சிலர் உய்த்துணர்ந்தனர். பல்லவ வேந்தன் சமணம் நீங்கிச் சைவம் புக்கு, பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்னும் பெரியபுராணச் செய்தியோடு இதனை இணைத்தனர். மேடைக்கு வாராமை அன்புக்கும் அடையாளமாகலாம்; புறக்கணிப்புக்கும் அடையாளமாகலாம்; கதைக்கு வேண்டாமையும் காரணமாகலாம். மூன்றற்கும் பொதுவாகிய ஓர் அடையாளம் ஒன்றனை மட்டும் நிறுவ மாட்டாது.

இவ்வாறு காபாலிகர், பௌத்தர், சமணர் என்னும் மூவர் பெயராலும் கூறப்பெற்ற விடைகள் நிலைபெறவில்லை. அங்ஙனமாயின் எள்ளப்படும் பொருள் யாது?

6

விடை நாடகத்தின் நடுவில் உள்ள வழக்கிலேயே கிடக்கின்றது. அவ்வழக்கைச் சமயப் பூசலாகக் கொள்ளாமல் ஓர் அனுமானமாகக் கொண்டு படிப்படியாக நோக்குக.

கபாலம் காணாமற் போனவுடனே சத்தியசோமன் இருவரை ஐயுறுகின்றான்: நாய், பௌத்தத் துறவி. உண்மை விடை அவன் வாயிலேயே முதலில் பிறந்துவிட்டது. எனினும் நாயை அவன் தேடவில்லை. எதிர்ப்பட்ட துறவியைப் பற்றிக்கொண்டான். துறவி ஆடைக்குள் ஒன்றை மறைத்தான். ஆதலின் அது தன் கபாலமே என்றான். மறைத்தல் களவுக்கு மட்டும் உரிய அடையாளம் அன்று. தன் பிச்சைப் பாத்திரத்தை மூடிச் செல்வோனிடத்தும் அது காணப்படும். துறவி மறுத்தான், உலகையே மறுக்கும் கூட்டத்தவன் இதனையும் மறுப்பான் என்று அம் மறுப்பையே சான்றாக்கினான். பாத்திரம் வெளிப்பட்டது, அதன் நிறம் கறுப்பு. கபாலமோ வெண்மை. கண்கூடான இவ்வேறுபாடும் அவனைத் திருத்தவில்லை. நிறத்தைத் துறவி மாற்றிவிட்டான் என்று கூறினான். தேவசோமையோ, அழுக்காடையின் சேர்க்கையால் தம் வெள்ளிய கபாலம் இந்நிலை எய்தியதே என்று அழுதாள்.

இப்படிகள் ஒவ்வொன்றற்கும் தமிழில் பெயர் உண்டு. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றார். அவ்வுரை நிகழும் இடம் காஞ்சி. மறுதலைக்கும் பொதுவாகிய ஏதுவை அநைகாந்திகத்துள் சாதாரணம் என்பர். மறைத்தலைக் கொண்டு களவைத் துணிந்தது இப்போலி. காட்சிக்கு மாறுபட்ட கூற்றைப் பிரத்தியக்க விருத்தம் என்பர். கறுத்த பாத்திரத்தை வெண்கபாலம் என்றது அது. எதிரி உடன்படாத ஏதுவை அன்னியதராசித்தம் என்பர். துறவியின் கொள்கையைத் தன் வாய்பாட்டில் கூறி அதனையே சான்றாக்கியது அவ்வினத்தது. காஞ்சி மாநகரில் பன்னெடுங்காலம் கற்பிக்கப்பெற்ற அளவை நூலின் போலிகளே மகேந்திரவர்மனின் தெருவில் கள்ளுண்டு நடக்கின்றன.

வேந்தன் அளவை நூலில் பயிற்சி உடையவன் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. திருச்சிராப்பள்ளி மலைக் குகையில் உள்ள அவன் கல்வெட்டுப் பாடல் ஒன்று, குணபரன் என்னும் வேந்தனிடத்து இவ் இலிங்கத்தால் இலிங்கியைப் பற்றிய அறிவு விபக்கத்தினின்று மீண்டு விளங்குக என்னும் கருத்துடையது. இதனைச் சமணம் விட்டுச் சைவம் புக்க செய்தியாகப் பலர் கொண்டனர். அது எவ்வாறாயினும், இலிங்கம், இலிங்கி, விபக்கம் என்பன அளவை நூலின் கலைச்சொற்கள் என்பதும், அவை இரட்டுற மொழியப்பெற்றன என்பதும் தெளிவு. அடையாளத்தால் உடையவனை அறிதல் என்னும் பொருளைக் கோயிலில் பத்தியாகப் பாடிய அதே உள்ளம், நாடகத்தில் அதனை நகையாக ஆடியது.

ஆகவே மத்தவிலாசத்தில் எள்ளப்படுவது ஒரு சமயம் அன்று. முடிபை முன்னரே பற்றிக்கொண்டு அதற்கேற்ற ஏதுவைப் பின்னர்த் தேடும் வாதவெறியே எள்ளப்படுகின்றது. மத்தம் என்னும் சொல்லுக்குக் களிப்பு, மயக்கம், வெறி என்னும் பொருள்கள் உண்டு. கள் தந்த மயக்கம் மேலோட்டமானது. தன் கொள்கை தந்த மயக்கமே ஆழமானது. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் கூறுவர். மடனாவது கொண்டதை விடாமை என்று உரைகாரர் விளக்குவர். மத்தவிலாசத்தின் நகையை எள்ளலின்பாற் படுத்தியமையே இதுகாறும் நேர்ந்த இடர்ப்பாட்டிற்குக் காரணம். அது மடன்பாற் பிறந்த நகை.

7

இங்கே சில தடைகள் எழும். காபாலிகனை விடத் துறவி மிகுதியாக இழிக்கப்படுகின்றான். புத்தர் வேதாந்தத்தினின்றும் பாரதத்தினின்றும் பொருளைத் திருடித் தம் பிடகத்தை நிரப்பினார் என்றும் வசை உண்டு. இதனை நடுநிலை என்னலாமோ என்பது ஒன்று. நகையின் சுமை சமமாகப் பகுக்கப்படவில்லை என்பது உண்மையே. அதனை மறைத்தல் வேண்டா. வேதநெறி சார்ந்த அவையினர் பௌத்தரைக் கண்டு நகைக்க ஆயத்தமாக இருந்தனர் என்பதையும், வேந்தன் அந்த ஆயத்தத்தைப் பயன்படுத்தினான் என்பதையும் ஒப்புதல் வேண்டும். எனினும் அவ்வசைகள் யார் வாயில் பிறக்கின்றன என்பது நோக்கற்பாலது. அவற்றைச் சொல்பவன் காபாலிகன். பிழைபட உணர்ந்தவன் என்று நாடகமே காட்டிய ஒருவன். அவன் கூற்றைப் புலவன் கூற்றாகக் கொள்ளுதல் முறையன்று. பௌத்தர்மேல் நகைக்க வந்த அவையினர் கதைமுடிவில் நாயின்மேல் பழி சென்றதைக் கண்டபோது, தாமும் காபாலிகனோடு சேர்ந்து ஏமாந்ததை உணர்ந்திருப்பர்.

வேந்தன் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து எளிய பிச்சைக்காரரைக் கண்டு நகைத்தான் என்பது மற்றொரு தடை. நாடகம் இதற்கு நேர் விடை தருகின்றது. நீதிமன்றத்துக்குச் செல்க என்று பாசுபதன் கூறியவுடன், அங்ஙனமாயின் கபாலத்துக்கு ஒரு கும்பிடு என்கின்றாள் தேவசோமை. விகாரங்களின் செல்வத்தைத் திரட்டி வைத்திருப்பவன் மன்றத்துக் கரணத்தாரின் வாயை நிரப்ப வல்லவன். நீறும் பாம்புத்தோலும் அன்றி ஒன்றும் இல்லாத எம்மிடம் என்ன உண்டு என்பது அவள் வினா. அந்த மன்றம் யாருடையது? பல்லவ வேந்தனுடையது. தன் ஆட்சியின் நீதியை ஐயுறும் சொல்லைத் தன் நூலிலேயே, அதுவும் பாகதம் பேசும் ஒரு பெண்ணின் வாயில், அவன் வைத்தான்.

இதனினும் வலிய சான்று பெயர்களில் உண்டு. மத்தவிலாசன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர், கல்வெட்டுகளில் காணப்படுவது. களியன் ஒருவனின் கூத்துக்கு அவன் தன் பெயரையே இட்டான். அவனிபாசனன் என்பது மற்றொரு விருது. சீயமங்கலத்துக் குடைவரைக் கோயில் அப்பெயரால் அவனிபாசனப் பல்லவேசுவரம் எனப்பட்டது. அவனிபாசனம் என்பதற்கு நிலவுலகாகிய கலம் என்பது பொருள். நாந்திப் பாடலில் புகழ் நிறைந்து பரவும் அவனிபாசனம் என்று அச்சொல் வைக்கப்பெற்றுள்ளது. கலத்தை இழந்த களியன் கதையில், களியன் பெயரும் கலத்தின் பெயரும் வேந்தனுடையனவாக உள்ளன. தன்னை நகைக்குப் புறத்தே நிறுத்திக்கொள்ள விரும்பும் ஒருவன் இவ்வாறு பெயரிடான்.

8

இம்முடிபால் விளையும் பயன் யாது? முதலாவது, மத்தவிலாசத்தைச் சான்றாகக் கொள்வதற்கு ஓர் எல்லை கிடைக்கின்றது. கதைக்கு முதன்மையல்லாத செய்திகளை அச்சமின்றிக் கொள்ளலாம்: காஞ்சியில் கள்ளங்காடிகள் இருந்தன, ஏகம்பத்தைச் சார்ந்து காபாலிகர் வாழ்ந்தனர், வணிகர் பௌத்தத் துறவியர்க்கு உணவளித்தனர், விகாரங்களுக்குச் செல்வம் இருந்தது என மக்கள் எண்ணினர், மன்றத்தில் கையூட்டு உண்டு என்னும் பேச்சு இருந்தது. நகைக்கு உயிராகிய இயல்புகளை, அதாவது காபாலிகரின் களிமயக்கையும் பௌத்தரின் வேட்கையையும், வேறு சான்று வலியுறுத்தினாலன்றிக் கொள்ளுதல் கூடாது. நகைச்சித்திரத்தில் பின்னணி உண்மைக்கு அணிமையில் இருக்கும், முகமே மிகைப்படுத்தப்படும்.

இரண்டாவது, இது நம் ஆராய்ச்சி முறைக்கே ஓர் எச்சரிக்கை. சத்தியசோமன் கள்ளுண்டான், ஆதலின் காபாலிகர் கள்ளுண்டனர் என்று எழுதும்போதும், நாகசேனன் ஏங்கினான், ஆதலின் காஞ்சிப் பௌத்தம் சீரழிந்தது என்று எழுதும்போதும், சமணர் மேடைக்கு வரவில்லை, ஆதலின் வேந்தன் சமணன் என்று எழுதும்போதும், பொதுவாகிய அடையாளத்தைச் சிறப்படையாளமாக மயங்குகின்றோம். ஆடைக்குள் எதையோ கண்டவுடன் நம் கபாலம் என்று கைவைக்கின்றோம். பாத்திரம் கறுப்பாயிருப்பதைக் காட்டினும் நிறத்தை மாற்றிவிட்டனர் என்கின்றோம். மகேந்திரவர்மன் நகைத்தது இதனையே.

மூன்றாவதும் இன்றியமையாததும் ஒன்று உண்டு. காபாலிகரும் தமிழகத்துப் பௌத்தரும் மறைந்து போயினர். மணிமேகலையும் யுவான் சுவாங்கின் குறிப்பும் காஞ்சிப் பௌத்தர்க்காகச் சிறிதேனும் பேசும். காபாலிகர்க்காகப் பேச அவர்தம் நூல் ஒன்றும் இல்லை. தமக்காகப் பேச இயலாத ஒரு கூட்டத்தாரை அறிய அயலார் எழுதிய நகைச்சித்திரங்களே பெரும்பாலும் எஞ்சும்போது, அச்சித்திரத்தில் அவர்க்குரிய பகுதி எவ்வளவு என்று வரையறுப்பது புலமையின் கடன் மட்டும் அன்று. அறத்தின் கடனும் ஆகும். கபாலம் நாயினிடமிருந்து மீண்டது என்று நாடகம் தானே கூறுகின்றது. அத்தீர்ப்பை ஏற்று, வழக்கில் விடுவிக்கப்பெற்றோரை வரலாற்றில் மீண்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதிருத்தல் ஆராய்ச்சியாளர்க்குத் தகும்.